காத்திருப்பில் கரையும் வயது

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஒரு வருஷம் மட்டும் மறக்காது: 2020. அதற்குள் இந்தியா வளர்ந்த நாடாக வேண்டும் என்று அப்துல் கலாம் முன்வைத்த இலக்கு அது. 1998-ல் புத்தகமாக வந்தது. 2002-ல் அவர் குடியரசுத் தலைவரானதும் நாட்டில் இருந்த பள்ளி மேடைகளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, ஆண்டு விழா, எங்கே போனாலும் 2020-ல் இந்தியா எப்படி இருக்கும் என்பதுதான் தலைப்பு. அப்போது பத்து வயதில் மைக்கைப் பிடித்து முழங்கிய பிள்ளைக்கு, 2020 வந்தபோது வயது 28. அந்த வருஷம் வந்தது, ஊரடங்கோடு வந்தது. இப்போது தேதி மாறிவிட்டது, 2047 என்கிறார்கள். இன்றைக்குப் பத்து வயதில் அதைப் பேசிப் பரிசு வாங்கும் பிள்ளைக்கு அன்று முப்பது தாண்டியிருக்கும்.

நாட்டுக்கு இலக்கு வைப்பதில் தப்பில்லை. கவனிக்க வேண்டியது, ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவில் ஒரு முழுத் தலைமுறையின் இளமை கழிந்துபோகிறது என்பதை. “இளைஞர்களே நாட்டின் எதிர்காலம்” என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அவர்களுடைய நிகழ்காலம் என்ன ஆகிறது என்று பார்த்தால், அதில் பெரும்பகுதி காத்திருப்பதில் போகிறது. அறிவிப்புக்குக் காத்திருப்பு, தேர்வுக்குக் காத்திருப்பு, ரிசல்ட்டுக்குக் காத்திருப்பு, கவுன்சலிங்குக்குக் காத்திருப்பு, நடுவில் நீதிமன்றத் தடை வந்தால் அது விலகக் காத்திருப்பு. இளைஞர்களின் பிரச்சினைகள் என்று எழுதத் தொடங்கினால் போதைப்பொருள், கைபேசி, சூதாட்டம் என்று பட்டியல் நீளும். அவை எல்லாமே உண்மைதான். ஆனாலும் அவற்றில் பலவற்றுக்கு இடம் விட்டுக்கொடுப்பது இந்த வெறும் காலம்தான் என்பது என் எண்ணம்.

முதலில், இவ்வளவு பேர் ஏன் இளைஞர்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். பொருளாதாரத்தில் மக்கள்தொகை ஈவு என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு நாட்டில் குழந்தைப் பிறப்பு குறையத் தொடங்கினால், சில பத்தாண்டுகளுக்கு அங்கே ஒரு வசதியான நிலை ஏற்படும். பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தைகள் குறைந்திருப்பார்கள். முதியவர்கள் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்காது. உழைக்கும் வயதில் இருப்பவர்களே அதிகம். வீட்டுக்கு வீடு சம்பாதிக்கும் கை கூடும், சேமிப்பு கூடும். தென் கொரியா, தைவான், சிங்கப்பூர் போன்றவை மேலே வந்த வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று பொருளியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த வாய்ப்புக்கு முடிவு தேதி உண்டு. இந்தியாவில் 20 முதல் 59 வயது வரை உள்ளவர்களின் பங்கு 2041 வாக்கில் 59 சதவீதத்தைத் தொட்டு உச்சத்துக்குப் போகும் என்றது 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை. அதற்குப் பிறகு இறக்கம். தமிழ்நாடு இந்தப் பாதையில் முன்னாலேயே போய்விட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். 2021-ல் மாநிலத்தில் அறுபது கடந்தவர்களின் பங்கு 13.6 சதவீதமாக இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. கேரளத்துக்கு (16.5) அடுத்தபடி நாம்தான். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இளைஞர் கூட்டம் இன்னும் பெருகிக்கொண்டிருக்க, திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அந்த இளைஞர்கள் வந்து வேலை பார்க்கிறார்கள். அதாவது தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இளைஞர்கள் எதிர்காலத்துக்கான சேமிப்பு என்ற பேச்சே கொஞ்சம் பழையதாகிவிட்டது. செலவழிக்க வேண்டிய காலம் இதுதான்.

ஈவு தானாக வந்து கையில் விழாது, வயதோடு வேலையும் வந்தால்தான் அது ஈவு. இங்கேதான் இந்தியக் கணக்கு முரண்டு பிடிக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு எண் இருக்கிறது. 2022-ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 சதவீதம். ஒன்பது மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

இதைப் பார்த்துவிட்டு, படித்தால் வேலை கிடைக்காது என்று முடிவுகட்டினால் தப்பாகிவிடும். படிக்காதவர் வேலையில்லாமல் இருக்கும் வசதி இல்லாதவர். கிடைத்ததைச் செய்தால்தான் அன்று அடுப்பு எரியும். கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், புள்ளிவிவரத்தில் அவர் வேலையில் உள்ளவர். பட்டதாரியின் வீடு, கஷ்டப்பட்டாவது, அவரை இரண்டு மூன்று வருஷம் தாங்கும். கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பா, அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலைக்காகப் பொறுத்துக்கொள்கிறார். ஆக, நாம் பட்டதாரி வேலையின்மை என்று சொல்வதில் பெரும்பங்கு, குடும்பங்கள் தங்கள் செலவில் நடத்தும் காத்திருப்பு. அரசின் பட்ஜெட்டில் எங்கேயும் வராத செலவு இது.

காத்திருப்பு நேரில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் எந்த மாவட்ட மைய நூலகத்துக்கும் காலை வேளையில் போகலாம். நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களைவிட, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடப்புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள்தான் அதிகம். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் மரத்தடியில். பி.இ. முடித்தவர் எட்டாம் வகுப்பு சமூக அறிவியலை வரி வரியாக அடிக்கோடிட்டுக்கொண்டிருப்பார். எம்.எஸ்சி. முடித்தவர் பக்கத்தில் இருப்பவருக்குச் சங்க இலக்கியத்தில் அடைமொழியால் குறிக்கப்படும் நூல்களை ஒப்பித்துக் காட்டுவார். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கான தயாரிப்பு இது.

குரூப் 4 என்பது டிஎன்பிஎஸ்சி வழியாக ஆளெடுக்கும் மாநில அரசுப் பணிகளில் கீழ்ப்படி. விஏஓ, இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகள். கேட்கப்படும் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், இதில் நூறு கேள்வி தமிழ். 2022-ல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேர். மார்ச் 2022-ல் அறிவிப்பு, ஜூலையில் தேர்வு, 2023 மார்ச்சில் ரிசல்ட். அதற்குப் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. அதாவது பத்தாம் வகுப்பு தகுதிக்கான வேலை ஒன்று உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே ஒரு முழு வருஷம். அந்த வருஷத்தில் 22 லட்சம் பேரில் எத்தனை பேர் வேறு வேலையில் சேராமல், சேர்ந்த வேலையையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்! அதைக் கணக்கெடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

வட இந்தியாவில் இதன் பரிமாணம் இன்னும் பெரியது. 2015-ல் உத்தரப் பிரதேசத் தலைமைச் செயலகத்தில் 368 பியூன் வேலைக்கு 23 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் உண்டு. நாடே சிரித்தது, பரிதாபப்பட்டது, பிறகு மறந்துவிட்டது.

சரி, ஏன் இந்த வெறி? சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கலாம் என்ற நினைப்பு என்று நகரத்தில் நல்ல வேலையில் இருப்பவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த விளக்கம் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. சின்ன ஊரில் இருக்கும் ஒரு பட்டதாரிக்கு எதிரில் உள்ள மாற்று வழிகளை வைத்துப் பாருங்கள். தனியார் கம்பெனியில் சேர்ந்தால் தொடக்கச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம். குரூப் 4-ல் வந்தால் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்கும், அகவிலைப்படி சேரும், வங்கியில் கடன் கிடைக்கும், கல்யாணச் சந்தையில் மதிப்பு கூடும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். தனியார் வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலம் வரும். யாராவது பயோடேட்டாவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இன்டர்வியூவில் ஆங்கிலம் தடுமாறாமல் வர வேண்டும். ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விகளுக்குள் சாதி ஒளிந்திருக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளைக்கு இவற்றில் எதுவும் கிடையாது. தேர்வில் விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளுக்கு இது எதுவும் தெரியாது. கறுப்பு மையில் நிரப்பிய வட்டங்களை மட்டும் அது படிக்கும். இட ஒதுக்கீடும் அங்கேதான் உறுதியாக வேலை செய்கிறது. நம் சமூகத்தில், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத வாசல்கள் ரொம்பக் குறைவு. போட்டித் தேர்வு அதில் ஒன்று என்று இந்த இளைஞர்கள் நம்புகிறார்கள். நாட்டோடு அவர்களுக்கு இருக்கும் ஒப்பந்தமே அந்தத் தேர்வுதான்.

அதனால்தான் வினாத்தாள் கசிவு மற்ற ஊழல்களைவிட ஆழமாகக் குத்துகிறது. பாலம் கட்டியதில் கமிஷன் அடித்தார்கள் என்றால் கோபம் வரும். தேர்வில் தில்லுமுல்லு என்றால் கோபத்தோடு ஒரு வெறுமையும் வரும். தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வின் கதை பலருக்கு நினைவிருக்கும். தரவரிசையில் முன்னால் வந்தவர்களில் பலர் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள். வேறு மாவட்டத்துக்காரர்கள் ஏன் அவ்வளவு தூரம் போய் எழுதினார்கள் என்று மற்ற தேர்வர்கள்தான் முதலில் கேட்டார்கள். விசாரணையில் வெளியே வந்தது, எழுதிக் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும் மை. விடைத்தாளில் வட்டங்களை அதனால் நிரப்பிவிட்டு வருவது, பிறகு வழியில் யாரோ சரியான விடைகளைப் போடுவது என்பது ஏற்பாடு. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது ஆணையம். சிபிசிஐடி கைது செய்தது. 99 என்பது சின்ன எண்தான். ஆனால் அந்தத் தேர்வை எழுதிய பல லட்சம் பேரும் அன்றிரவு ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்: இதற்கு முந்தைய தேர்வில் நான் ஒன்றரை மதிப்பெண்ணில் விட்டேனே, அது நிஜமாகவே நான் விட்டதுதானா?

2024 இந்த வகையில் மோசமான வருஷம். பிப்ரவரியில் உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வு, 60,244 இடம், சுமார் 48 லட்சம் விண்ணப்பம், வினாத்தாள் கசிந்து ரத்து. ஜூன் 4-ம் தேதி வந்த நீட் முடிவில் 67 பேர் 720-க்கு 720. பீகாரில் கைதுகள், உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. ஜூன் 18-ல் நடந்த, கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி பார்க்கும் யுஜிசி நெட் தேர்வு அடுத்த நாளே ரத்து. ஜூன் 21-ம் தேதி முறைகேடுகளைத் தடுக்கும் மத்தியச் சட்டம் அமலுக்கு வந்தது. கூட்டுச் சதி என்றால் பத்து வருஷம் வரை சிறை, ஒரு கோடிக்குக் குறையாத அபராதம் என்கிறது சட்டம். தண்டனை கடுமையாக இருப்பது நல்லதுதான். ஆனால் ரத்தான தேர்வை மறுபடி எழுத மறுபடி பஸ் ஏறியவருக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. போன மாதங்களை அவருக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

காத்திருப்பு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை 2022-ல் இரண்டு முறை பார்த்தோம். ரயில்வே 2019 தேர்தலுக்குச் சற்று முன்பு 35 ஆயிரத்துச் சொச்சம் இடங்களுக்கு அறிவிப்பு கொடுத்தது, ஒன்றே கால் கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். முதல் கட்டத் தேர்வு தொடங்கவே 2020 டிசம்பர் ஆனது. முடிவு வந்தது 2022 ஜனவரியில். மூன்று வருஷம் கழித்தும் இன்னொரு கட்டத் தேர்வு பாக்கியிருந்தது; அதற்கான பட்டியலில் ஒரே ஆட்கள் பல நிலைகளுக்கும் தேர்வாகியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பீகாரில் தண்டவாளத்தில் இறங்கினார்கள். கயாவில் ரயில் பெட்டிகள் எரிந்தன. அதே வருஷம் ஜூனில் அக்னிபத். கொரோனாவால் ராணுவத்துக்கு ஆள் எடுப்பது இரண்டு வருஷம் நின்றுபோயிருந்தது. உடல் தகுதியில் தேறி எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தவர்கள் அதிகாலையில் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்களிடம் போய், பழைய ஆள்சேர்ப்பு ரத்து, இனி நான்கு வருஷ வேலை, அதில் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரம் என்று சொன்னால்? ரயிலை எரித்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. அந்த வயதின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளலாம். 21 வயது உச்சவரம்பு உள்ள ஒருவருக்கு இரண்டு வருஷம் என்பது தாமதமல்ல, தகுதியிழப்பு. அரசும் இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டு, அந்த ஒரு முறைக்கு மட்டும் வயதை 23 ஆக்கியது.

தமிழ்நாட்டில் இவ்வளவு சத்தமில்லாத உதாரணம் டெட் ஆசிரியர்கள். 2013-ல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களில் ஆயிரக்கணக்கானோருக்குப் பணி கிடைக்கவில்லை. முதலில் வெயிட்டேஜ் முறை வந்தது, அதில் பிளஸ் டூ மதிப்பெண் வரை பின்னோக்கிப் பார்த்தார்கள். 2018-ல் அரசாணை 149 வந்தது, தகுதித் தேர்வில் தேறினாலும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடிய புகைப்படங்கள் வருஷா வருஷம் நாளிதழில் வரும். கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும்: முகங்கள் அதேதான், தலைமுடிதான் நரைத்திருக்கும்.

இவ்வளவு காலம் காத்திருக்கும் மனம் என்ன ஆகும்? முதல் வருஷம் உற்சாகம். இரண்டாம் வருஷம் உறவினர் கல்யாணங்களுக்குப் போவது நிற்கும், ஏனென்றால் அங்கே “இப்ப என்ன பண்றே?” என்று கேட்பார்கள். மூன்றாம் வருஷம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் பேச்சு குறையும். கல்லூரியில் படித்ததும் மறந்துபோயிருக்கும், அந்தத் துறையில் இனி சேர்வதும் கஷ்டம். அந்தச் சமயத்தில் கையில் இருக்கும் கைபேசியில் ஒரு ரம்மி விளம்பரம் வருகிறது, எளிதாகக் கடன் தரும் செயலி ஒன்று வருகிறது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் போட்டு ஆளுநரோடு மல்லுக்கட்டி 2023-ல் அமலாக்கியது. மத்திய அரசு 2025-ல் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டமே கொண்டுவந்தது. இவை தேவைதான். ஆனால் கதவைச் சாத்துவது ஒன்று, அந்த இளைஞர் அந்தப் பக்கம் போகக் காரணமான வெறும் நாட்களை நிரப்புவது இன்னொன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த எண் தெரிந்திருப்பது நல்லது.

காத்திருக்க முடியாதவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போகிறார்கள். 2020-21-ல் 77 லட்சமாக இருந்த செயலிவழித் தொழிலாளர்கள் 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள் என்று நிதி ஆயோக் மதிப்பிட்டிருக்கிறது. முதலாளி என்று ஒருவர் முகம் தெரியாத வேலை இது. ராஜஸ்தான் 2023-ல் இவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது, தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது. தொடக்கம்தான்.

பெண்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறது, இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆணுக்குக் குடும்பம் ஐந்து வருஷம் கொடுத்தால் பெண்ணுக்கு இரண்டு கொடுக்கும், அதுவும் வரன் வரும் வரை. அவள் எழுதும் ஒவ்வொரு தேர்வும் அவளுக்கு விதிக்கப்பட்ட கெடுவுக்கு எதிராக எழுதுவது. ஆறு மாதம் தள்ளிப்போகும் ஒரு ரிசல்ட், அண்ணனுக்கு எரிச்சலைத் தரும். தங்கைக்கோ, அதற்குள் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பிவிடும்.

அப்படி இருந்தும், நம்பிக்கைக்கு எங்கே காரணம் இருக்கிறது என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன். 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஒரே மாநிலத்தில் ஏறத்தாழ ஏழு லட்சம் பெண்கள். உயர்கல்வியில் மாணவர் சேர்க்கை விகிதம் தேசிய அளவில் 28.4 ஆக இருந்தபோது (2021-22) இங்கே 47. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் உண்டு. டவுன் பஸ் ஏற்கெனவே இலவசம், இந்த ஆயிரம் அவள் கணக்கில் நேராக விழுகிறது, அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம். படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழும்போது அந்தப் பணம் அவள் பக்கம் நின்று வாதாடுகிறது.

அதேபோல இன்னொன்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனதும், அவர்களின் தோழிகள் 2021 டிசம்பரில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் நினைவிருக்கும். இருபது வயதுப் பெண்கள், பலர் முதன்முறை வீட்டைவிட்டு வந்தவர்கள், நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்த மறியல்தான் இதைக் கட்ட வைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை மட்டும் போதாது, தங்க நல்ல இடமும் வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து சொன்னார்கள்.

இருண்ட பக்கத்தில் சாதி. படித்தால் சாதி போய்விடும் என்று என் தலைமுறைக்குச் சொல்லப்பட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதி இருந்தது. முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு வேண்டாம், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை எடுக்க வேண்டும், ஓரிடத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராகப் போடக்கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். சில கட்சிகள் உடனே எதிர்த்தன. எதிர்காலம் என்று நாம் கைகாட்டும் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தனுப்பும் சாமான்களில் இதுவும் இருக்கிறது.

சரி, காத்திருப்பைக் குறைக்க முடியுமா? முடியும், அதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை. யுபிஎஸ்சி அடுத்த வருஷத் தேர்வுத் தேதிகளை முன்கூட்டியே வெளியிட்டு, பெரும்பாலும் அதன்படியே நடத்துகிறது. சிவில் சர்வீஸ் தேர்வின் மூன்று கட்டங்களும் ஏறக்குறைய ஒரு வருஷத்தில் முடிகின்றன. தேர்ச்சி பெறுகிறவர்கள் கிட்டத்தட்ட ஆயிரம் பேர்தான் என்றாலும், தோற்றவருக்குத் தோற்றது எப்போது என்று தெரிந்துவிடுகிறது. அது பெரிய விஷயம். தோல்வியைவிட மனிதனை அரிப்பது முடிவு தெரியாத நிலை. 2024 ஜூன் 9-ல் நடந்த குரூப் 4 தேர்வின் முடிவு அக்டோபர் 28-ல் வந்தது, ஐந்து மாதத்துக்குள். 2022 தேர்வுக்கு எட்டு மாதம் ஆனதோடு ஒப்பிட்டால், மனம் வைத்தால் வேகம் கூடும் என்பதற்கு டிஎன்பிஎஸ்சியே சாட்சி.

இரண்டாவது, காலியிடங்கள். 2021 மார்ச் நிலவரப்படி மத்திய அரசில் மட்டும் 9.79 லட்சம் இடங்கள் காலி. 2022 ஜூனில், ஒன்றரை வருஷத்தில் பத்து லட்சம் பேரை எடுப்போம் என்று பிரதமர் அறிவித்தார். அக்டோபரிலிருந்து ரோஜ்கார் மேளா என்ற பெயரில் நியமன ஆணைகளை மொத்தமாக வழங்கும் விழாக்கள் நடந்தன. இடம் காலியானவுடன் வருஷா வருஷம் நிரப்பியிருந்தால் விழா தேவைப்பட்டிருக்காது. சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுப்பது அரசியலுக்கு வசதி. நடுவில் வயது தாண்டியவருக்கு வசதி இல்லை.

ஆனாலும் எல்லாரையும் அரசு வேலையில் உட்கார வைக்க முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். 2030 வரை ஆண்டுக்குச் சராசரியாக 78.5 லட்சம் வேலைகள் விவசாயத்துக்கு வெளியே உருவாக வேண்டும் என்றது 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை. அந்த அளவு வேலை தனியார் துறையிலிருந்துதான் வர முடியும். அப்படியென்றால், ஓஎம்ஆர் தாளுக்கு இருக்கும் நியாயத்தில் பாதியாவது தனியார் வேலைக்கு ஆளெடுப்பதிலும் வர வேண்டும். எழுத்துபூர்வமான நியமன ஆணை, ஒழுங்கான பிஎஃப், ஒப்பந்தம் முடியும் தேதி, இவை இருந்தாலே மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் எழுந்து போய்விடுவார்கள். இளைஞர்களுக்குத் திறமை இல்லை, கல்லூரியிலிருந்து நேராக வேலைக்கு எடுக்க இரண்டில் ஒருவர்தான் தேறுகிறார் என்று அதே ஆய்வறிக்கை வருத்தப்பட்டது. கல்லூரி ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை என்பது உண்மை. தமிழ்நாட்டில் ஒரு கட்டத்தில் ஐந்நூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள் இருந்தன, பலவற்றில் ஆய்வகங்கள் சோதனை அதிகாரிகள் வரும் அன்று மட்டும் திறந்தன என்று படித்தவர்களே சொல்வார்கள். ஆனால் பயிற்சி கொடுப்பது கம்பெனியின் வேலையும்தான். அப்ரன்டிஸ் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. 2024 பட்ஜெட்டில் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையோடு ஐந்து வருஷத்தில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பெரிய நிறுவனங்களில் பயிற்சி என்று அறிவித்தார்கள். ஐயாயிரத்தில் இன்னொரு ஊரில் அறை எடுத்துத் தங்கிச் சாப்பிட்டுப் பயிற்சிக்குப் போக முடியுமா என்ற கேள்வியைக் கேட்க, திட்டம் போட்ட அறையில் 22 வயதுக்காரர் ஒருவராவது இருந்திருக்க வேண்டும்.

அந்த அறைகளில் அவர்கள் இல்லை என்பதுதான் உண்மை. 61-வது அரசியல் சாசனத் திருத்தத்தால் 1989-ல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ போட்டியிட இன்னும் 25 ஆக வேண்டும். அதையும் 18 ஆக்கலாம் என்று 2023-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது, அசைவில்லை. 2024-ல் தேர்வான மக்களவை உறுப்பினர்களின் சராசரி வயது 56, நாட்டின் நடு வயதோ சுமார் 28. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கில் கூடிய இளைஞர்கள், தாங்களே குப்பை அள்ளி, போக்குவரத்தைச் சரிசெய்து, ஒரு வாரம் கட்டுக்கோப்பாக இருந்ததைப் பார்த்து அத்தனை கட்சிகளும் மூக்கில் விரல் வைத்தன. அந்தக் கட்டுக்கோப்பை உள்ளாட்சியிலாவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு 21 வயது போதும்.

நாட்டில் இளைஞர்கள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தில் எவ்வளவு, எவ்வளவு பேர் வேலை தேடுகிறார்கள் என்ற எண்கள் எல்லாமே இப்போதைக்கு மதிப்பீடுகள்தான். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பே காத்திருப்பில்தான் இருந்தது. அதற்கு இப்போது 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். முந்தைய கணக்கெடுப்பு 2011 மார்ச் 1 நிலவரத்தை எடுத்தது. அதற்கு அடுத்த நாள் பிறந்த பிள்ளையை அரசு முதன்முறையாகத் தலை எண்ணும்போது வயது பதினாறை நெருங்கியிருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கையில் வரப்போகும். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓட்டு வரும், குரூப் 4 விண்ணப்பமும் போடலாம்.